எட்டாம் லைன் சுகந்தி

ஜூலை 24, திங்கள்

இசக்கியின் டீச்சர் சொன்னதால் எழுதுகிறேன். வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் பிள்ளையும் எழுதுமாம். அது சரியாகத்தான் இருக்கிறது. நான் பென்சிலை எடுத்தால் இவளும் எடுக்கிறாள். நான் கீழே வைத்தால் இவளும் வைத்துவிடுகிறாள். அவளுடைய போன வருஷத்து நாலுகோடு நோட்டில் பாதித் தாள் மிச்சம் கிடந்தது, அதில் எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இன்று செய்ததை எழுதுகிறேன். நாலரைக்கு எழுந்தேன். ஏழு நாள் கழித்து இன்றுதான் தண்ணீர் விட்டார்கள். லைன் வீட்டில் ஆறு குடித்தனத்துக்கு ஒரு குழாய். எட்டுக் குடம் பிடித்தேன், டிரம் பாதிதான் நிறைந்தது. சோறு வடித்து ரசம் வைத்தேன். இசக்கிக்குச் சடை பின்னி எட்டு மணிக்கு ஸ்கூலில் விட்டேன். எட்டேகாலுக்குக் கம்பெனி வாசல். ஐந்தரைக்கு விட்டார்கள். வந்து துணியை மடித்து வைத்தேன். டம்ளர் மூன்றில் ஒன்றை மேலே பரணில் எடுத்து வைத்தேன்.

பாண்டி போய் இன்றோடு பன்னிரண்டு நாள். இசக்கியின் தம்பி. செல்லப்பாண்டி என்று பேர். மூன்று வயசு நாலு மாசம். சின்னப் பிள்ளைக்குப் பதினாறு கும்பிடுவது எங்கள் பக்கம் கிடையாது. அதனால் இனிமேல் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். ஏதோ படிவம் நிரப்ப வேண்டும் என்று அம்மா பேர் கேட்டாராம். இசக்கி வாயைத் திறக்கவில்லையாம். நாலு தடவை கேட்டும் சுவரைப் பார்த்து நின்றாளாம். ரெண்டாவது படிக்கிற பிள்ளைக்கு அம்மா பேர் கூடத் தெரியாதா என்று என்னிடம் கேட்டார். தெரியும் என்று சொன்னேன்.

ஜூலை 25, செவ்வாய்

என் பேர் ஆவுடையம்மாள். கம்பெனியில் என் பேர் சுகந்தி.

சுகந்தி என் தங்கச்சி. சங்கரன்கோவிலில் அம்மாவோடு இருக்கிறாள். நான் பனியன் கம்பெனியில் வேலை கேட்டுப் போனபோது முப்பத்தைந்துக்கு மேல் டைலர் எடுப்பதில்லை என்றார்கள். எனக்கு அப்போது முப்பத்து மூன்றுதான். ஆனால் ஊரில் ஆதார் எடுத்தவர் வயசை அவராகப் போட்டிருக்கிறார், நாற்பத்தொன்று என்று. நான் அதைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்ற ஒரு பெண்தான், தங்கச்சி இருந்தால் அவள் கார்டு ஜெராக்ஸைக் கொடு, எல்லாரும் அப்படித்தான் என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகம். ஜெராக்ஸில் முகமே தெரியவும் இல்லை.

அப்போது யோசிக்க நேரம் இல்லை. பிள்ளைகளின் அப்பா போய்விட்டார். செத்துப் போகவில்லை, போய்விட்டார். பாண்டி கைப்பிள்ளை.

அதனால் கம்பெனியில் நான் இருபத்தேழு வயசு, கல்யாணம் ஆகாதவள். எட்டாம் லைன் என்கிற மெஷின் வரிசையில் ஓவர்லாக், துணி ஓரத்தை மூட்டுகிற மெஷின். அங்கே எனக்குப் பிள்ளை கிடையாது. பாண்டி போன அன்று ராத்திரி சூப்பர்வைசருக்குப் போன் பண்ணி அக்கா மகன் இறந்துவிட்டான் என்று சொன்னேன். அக்கா மகனுக்கு ஒரு நாள்தான் லீவு என்றார். நான் மூன்று நாள் எடுத்தேன். நாலாவது நாள் அவரே கூப்பிட்டார், கண்டெய்னர் போகணும், வர்றியா இல்ல ஆள் மாத்தட்டுமா என்று. போனேன்.

ஜூலை 27, வியாழன்

ஒன்றரை ஷிப்ட். ராத்திரி எட்டேகாலுக்கு வந்தேன். இசக்கி ரசத்தை ஊற்றித் தானே சாப்பிட்டுவிட்டு, எனக்கும் தட்டு வைத்திருந்தாள். மூன்று தட்டு. ஒன்றை எடுத்து வைத்தேன்.

ஜூலை 28, வெள்ளி

கம்பெனியில் பிள்ளைகள் சட்டைதான் ஓடுகிறது. வெளிநாட்டுக்குப் போவது. பண்டல் சீட்டில் அளவு போட மாட்டார்கள், வயசுதான் போடுவார்கள். போன வாரமெல்லாம் ஆறு மாசம், ஒன்பது மாசம். இன்று காலை வந்த பண்டலில் 3-4 என்று இருந்தது.

தோளை மூட்டினேன், கையை மூட்டினேன். விலாவை மூட்டும்போது துணியை அந்த அகலத்துக்குப் பிடித்தேன். அப்புறம் மெஷினை நிறுத்திவிட்டேன்.

எனக்குப் பின்னால் செக்கிங்கில் பூவாத்தாள் அக்கா இருக்கிறார். இந்த ஊர்க்காரர். வாய் ஓயாது. சுகந்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று ஆறு மாசமாக என்னைப் படுத்துகிறார். சோமனூரில் பவர் டேபிள் மெஷின் ஓட்டுகிற ஒரு டைலர், குடிப்பழக்கம் இல்லை, தலையில் மட்டும் முடி கொஞ்சம் கம்மி என்பார். லைனே சிரிக்கும், நானும் சிரிப்பேன். இன்று எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார்.

"என்னம்மிணி, அக்கா பையனுக்கே இத்தன அழுதீன்னா பெத்தவ என்னத்துக்கு ஆவா? நீ தெம்பா இருந்தாத்தான அவளத் தேத்த முடியும்? போ, மூஞ்சியக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். வேலைக்குப் போகிறாள் என்றேன். அதுக்குள்ளேயா, என்ன மனசோ என்றார்.

மாலை வரை 3-4 தான் ஓடியது.

ஜூலை 30, ஞாயிறு

துணி துவைத்தேன். ஆடிக் காற்றில் சீக்கிரம் காய்ந்தது. ரேஷனில் இரண்டு மணி நேரம் நின்றேன், பாமாயில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

பாண்டி துணியை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பையில் போட்டுக் கட்டினேன். ஒரு ஜட்டி கொடியிலேயே இருந்தது. பதினெட்டு நாளாக அது அங்கே தொங்கியிருக்கிறது. துணி எடுக்கிறவள் நான்தான், எப்படிப் பார்க்காமல் இருந்தேனோ.

அலமாரியில் காய்ச்சல் மருந்து பாட்டில் இருக்கிறது. ரோஸ் கலர். பாதிக்கு மேல் இருக்கிறது. கீழே போட எடுத்தேன். மூடி ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

இசக்கிக்கு வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன். நாலு மணிக்கு ஸ்கூல் விட்டால் நேரே வீட்டுக்கு வந்து உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டும். நான் குரல் கொடுத்தால்தான் திறக்க வேண்டும். அடுப்பைத் தொடக் கூடாது. பக்கத்து வீட்டில் இருக்கிறவர்களும் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான், யாரிடம் விட்டுப் போக. ஸ்கூல் விட்டதும் வந்துவிடுகிறாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்றும் இருந்தது, இல்லை என்றும் இருந்தது.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

பால்வாடி டீச்சர் வளர்மதி ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு நாலு மணிக்குப் போனேன்.

ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ளேயேதான் பால்வாடியும். முன்னெல்லாம் இசக்கிக்கு மணி அடிக்கும் வரை பாண்டியை டீச்சர் வைத்திருப்பார். இவள் வந்து அவன் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள். நான் போனபோது பால்வாடி வாசலில் இசக்கி நின்றுகொண்டிருந்தாள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கதவைப் பார்த்து.

தினமும் வருகிறாளாம். பத்து நிமிஷம் நிற்பாளாம். அப்புறம் போய்விடுவாளாம். உள்ளே வா என்றால் வருவதில்லையாம். எனக்குப் பார்க்க முடியவில்லை, அதுதான் உங்களிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டேன் என்றார் டீச்சர்.

அப்புறம் அவராகவே அந்த நாளைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டதாம். பதினொன்றே காலுக்கு வலிப்பு. என் செல்லுக்குப் போட்டால் ஆஃப். செல்லை வாசலிலேயே ஆஃப் பண்ணி வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் கம்பெனி வழக்கம். இசக்கியை வகுப்பிலிருந்து கூட்டி வரச் சொல்லி எந்தக் கம்பெனி, அம்மா பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். அவள் இரண்டையும் சரியாகச் சொல்லியிருக்கிறாள். யாரிடமோ நம்பர் வாங்கி மூன்று தடவை போட்டிருக்கிறார்.

"அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னுட்டாங்க. மூணாவது தடவ வெச்சே வெச்சுட்டாங்க. ஆட்டோல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். அங்க பாத்துட்டு உடனே கோயமுத்தூர் கொண்டு போகணும்னாங்க, பெத்தவங்க யாருன்னாங்க. நான் கையெழுத்துப் போடறேன்னு சொன்னேன். நீங்க யாருன்னு கேட்டாங்க. உங்களுக்காக ஒரு மணி நேரம் காத்துட்டிருந்தோம்."

மறுபடியும் டீச்சர்தான் கேட்டார்.

"காலைல நல்லாத்தான இருந்தான்? நீங்க விடும்போது தொட்டுக்கூடப் பாத்தேன்."

பால்வாடிச் சுவரில் ஒரு போர்டு உண்டு. காய்ச்சல், சளி உள்ள குழந்தைகளை அனுப்ப வேண்டாம் என்று. இரண்டு வருஷமாக அந்த வழியாகப் போகிறேன், எழுத்துக் கூட்டிப் படித்தது இல்லை. இன்று இரண்டு தடவை படித்தேன்.

ஆமாம் டீச்சர், நல்லாத்தான் இருந்தான் என்றேன்.

ஆகஸ்ட் 2, புதன்

இசக்கி எழுதி முடித்துவிட்டாள். நானும் நிறுத்துகிறேன். கை வலிக்கிறது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பெருக்கு. கம்பெனிக்கு லீவு இல்லை. மதியம் எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பொட்டலத்தை இசக்கிக்காக மடித்து எடுத்து வைத்தேன்.

வாசலில் செல்லை வாங்கும்போது வாட்ச்மேன் நாச்சிமுத்து அண்ணன் என்னை நிறுத்தினார். அறுபது வயசு இருக்கும். அதட்டுவார், ஆனால் கெட்டவர் இல்லை. மழை என்றால் அவர் குடையைக் கொடுத்து அனுப்புவார். ஒரு சங்கதி கேட்க வேண்டும் என்றார்.

"உங்கூர்ப் பக்கம் ஆவுடைனு பேரு வெப்பாங்களா?"

வைப்பார்கள் என்றேன்.

"அதான பாத்தேன். நம்ம பக்கத்துல அப்படிப் பேரில்ல. போன மாசம் ஒரு டீச்சரம்மா மூணு தடவ கூப்புட்டாங்க, ஆவுடை ஆவுடைன்னு. ரெண்டு தடவ புக்கெல்லாம் பொரட்டிப் பாத்தேன். மூணாவது தடவ கண்டெய்னர் உள்ள வந்துட்டிருந்துச்சு. ஆருமில்லீங்க, சும்மா சும்மா கூப்புடாதீங்கன்னு வெச்சுப்போட்டேன். அந்தம்மா கொரல்ல ஒரு பதட்டம். இன்னமும் காதுலயே இருக்குது. பக்கத்துக் கம்பெனிலகூடப் போயிக் கேட்டேன், அங்கயும் இல்லீன்னாங்க. உங்கூர்க்காரங்க இத்தன பேரு இங்க இருக்கீங்க, உனக்கு ஆராச்சும் தெரியுமா?"

அன்றைக்கு ஐந்தரைக்கு என் செல்லை எடுத்துக் கையில் கொடுத்தவர் இவர்தான். நாளைக்கு நேரமாக வந்துவிடு, கண்டெய்னர் இருக்கிறது என்றார். நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன். செல்லைப் போட்டதும் பதினாலு மெசேஜ் வந்தது.

தெரியல அண்ணே என்றேன்.

"தெரிஞ்சா சொல்லு சாமி. என்ன ஆச்சுன்னு மட்டும் கேட்டுக்கறேன்."

ஆகஸ்ட் 4, வெள்ளி

சுகந்தி போன் பண்ணினாள். அழுதாள். அம்மாவுக்கு வர முடியவில்லை, முழங்கால் வீங்கியிருக்கிறது என்றாள். இசக்கியை ஊருக்கு அனுப்பிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இவளும் போய்விட்டால் நான் எதற்கு நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எக்கா, எம் பேர நீ வச்சிருக்கதுனால ஒண்ணும் ஆகலைல்லா?"

அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இசக்கி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள், நிறைய இருக்கிறது. அவள் முடிக்கும் வரை நான் எழுதத்தான் வேண்டும்.

தை மாசத்தில் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் லைன் வீடுகளுக்கு வந்தார். வேலை செய்கிறவர்களுக்கு வீடு எப்படி, கக்கூஸ் எப்படி என்று எழுதிக்கொண்டு போக. நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். இசக்கிதான் கதவைத் திறந்திருக்கிறாள். நான் குடத்தோடு வரும்போது மேடம் கேட்டுக்கொண்டிருக்கிறார், இங்கே சுகந்தி யார் என்று. அது எங்க சித்தி, எங்கம்மா பேரு ஆவுடை என்று இவள் சொல்கிறாள். ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறேன், தெளிவாகச் சொன்னாள்.

நான் குடத்தை வைத்துவிட்டு, இது என் அக்கா மகள், அக்காவும் இங்கேதான் இருக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். மேடம் எழுதிக்கொண்டார். இசக்கி என் சேலையைப் பிடித்து எம்மா என்றாள். அக்கா இல்லாதபோது என்னையும் அப்படித்தான் கூப்பிடும் என்றேன். மேடம் சிரித்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அடித்தேன். கன்னத்தில் இரண்டு. அப்புறம் முதுகில். வேலை போய்விட்டால் உனக்கும் தம்பிக்கும் யார் சோறு போடுவார்கள் என்று கேட்டுக் கேட்டு அடித்தேன்.

அன்றிலிருந்து தினமும் சடை பின்னும்போது கேட்பேன். டீச்சர் கேட்டா என்ன சொல்லுவ? ஆவுடை. கம்பெனிக்காரங்க கேட்டா? சுகந்தி. நான் யாரு? சித்தி. ஒரு நாள் மாற்றிச் சொன்னால் சடையைப் பிடித்து இழுப்பேன். ஒரு மாசத்தில் தவறாமல் சொன்னாள். பாண்டிகூடக் கேட்டுக் கேட்டுக் கடைசி வரியைச் சொல்லப் பழகிவிட்டான். என்னைப் பார்த்துச் சித்தி சித்தி என்று சிரிப்பான்.

இன்று சாயங்காலம் சடையை அவிழ்க்கும்போது இசக்கியாகவே பேசினாள்.

"எம்மா, கேட்டது டீச்சர்தான?"

எதைக் கேட்கிறாள் என்று புரிந்தது.

"டீச்சர் கேட்டா ஆவுடைன்னுதான சொல்லணும்? ஆனா போன் கம்பெனிக்குப் போட்டாங்க. நான் யோசிச்சேன். டீச்சர்தான கேட்டாங்கன்னு ஆவுடைன்னுட்டேன். தம்பி கண்ணு மேல போயிட்டு. எது சரின்னு தெரியல."

நீ சொன்னதுதான் சரி என்றேன். சீப்பை வைத்துவிட்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். வந்து பார்த்தால் பாதிச் சடை அவிழ்ந்தபடியே அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

காலையில் இசக்கியின் நெற்றி சுட்டது. கழுத்தில் வைத்துப் பார்த்தேன், அங்கேயும்.

லீவு போட முடியாது. ஏற்கனவே மூன்று நாள் போட்டதற்கே சூப்பர்வைசர் என் பேருக்கு நேரே கோடு போட்டு வைத்திருக்கிறார். இன்னொரு நாள் வராவிட்டால் ஆள் மாற்றிவிடுவதாக எல்லார் முன்னாலும் சொன்னார். வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டும் போக முடியாது. எட்டு மணிக்குள் முடிவு பண்ண வேண்டும்.

பாட்டிலை எடுத்தேன். மூடியைத் துணி போட்டுத் திருகினேன், திறந்தது. மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, தம்பிக்குக் கொடுத்ததா என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை இசக்கியின் டீச்சரிடம் சொன்னேன். காய்ச்சல் இருக்கிறது, ஏழே முக்காலுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன், பதினொரு மணிக்கு மேல் மறுபடியும் ஏறும், தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறினால் உடனே கம்பெனிக்குப் போன் போடுங்கள், நான் வந்துவிடுவேன் என்றேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்ன பேர் சொல்லிக் கேட்க வேண்டும் என்றார்.

இசக்கி பக்கத்தில் நின்றாள்.

ஆவுடை என்று கேளுங்கள் என்றேன்.

கம்பெனி வாசலில் எல்லாரும் உள்ளே போகட்டும் என்று நின்றேன். செல்லை ஆஃப் பண்ணி நாச்சிமுத்து அண்ணனிடம் கொடுத்தேன்.

"அண்ணே, இன்னைக்கு ஆவுடைன்னு போன் வந்தா எட்டாம் லைனுக்குச் சொல்லிவிடுங்க."

"கண்டுபுடிச்சுட்டியா? நம்ம லைன்லயா இருக்குது அந்தப் புள்ள? நானும் ஊரெல்லாம் தேடிட்டு..."

"நான்தாண்ணே."

முதலில் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்திருப்பார். அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றது. என் செல் அவர் கையில் இருந்தது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன்ற அக்கா பையன்..." என்றார். 

எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இந்த வாரம் உங்கள் டூட்டி ரெண்டு மணிக்கே முடிந்துவிடும், அடுத்து வருகிறவருக்குத் தெரியாது, அதனால் புக்கில் எழுதி வையுங்கள் என்றேன். எழுதினால் ஆபீசுக்குப் போகும் என்றார். தெரியும் என்றேன். பேனா எழுதவில்லை என்று உதறினார். அது எழுதத்தான் செய்தது. ஆவுடை, எட்டாம் லைன் என்று எழுதினார். ஆவுடைக்குச் சின்ன அ போட்டார். நான் திருத்தவில்லை.

பதினொரு மணியிலிருந்து மெஷின் சத்தத்துக்குள் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு. ஒன்று. சாப்பிடப் போகவில்லை. யார் லைன் பக்கம் வந்தாலும் எழுந்து நின்றேன். சுகந்திக்கு என்ன, மாப்பிள்ளை வருகிறானா என்று பூவாத்தாள் அக்கா கேட்டார்.

போன் வரவில்லை.

நாலரைக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் 9, புதன்

நேற்று வீட்டுக்கு வந்தபோது இசக்கி வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சில்லு விளையாடிக்கொண்டிருந்தாள். மதியமே காய்ச்சல் விட்டுவிட்டதாம். சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாளாம்.

ஆபீசில் நடந்ததை எழுதுகிறேன். மேனேஜர் புக்கை மேஜையில் விரித்து வைத்திருந்தார். தை மாசம் வந்த மேடமும் இருந்தார். ஆதார் ஜெராக்ஸையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஆடிட் வந்தால் கம்பெனிக்கே ஆர்டர் போய்விடும், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார் மேனேஜர். நான் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை.

மேடம்தான் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அப்ப போன மாசம் லீவு சொன்னீங்களே, அந்தப் பையன்?"

"எம் மகன்."

அந்தக் கட்டடத்துக்குள் அதைச் சொன்னது நேற்றுதான். மேனேஜர் பேப்பரை என் பக்கம் தள்ளினார். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு நிற்கிறேன் என்று டைப் அடித்திருந்தது. கீழே கையெழுத்து. என் பேரை எழுதப் போனேன். இல்லை இல்லை, ரெக்கார்டில் இருக்கிற பேர் என்றார். சுகந்தி என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருஷப் பழக்கம், அழகாகவே வந்தது.

ஆகஸ்ட் 12, சனி

டிபன் கேரியரும் கத்தரியும் லைனில் இருந்தன, வாங்கப் போனேன். உள்ளே விடவில்லை. பூவாத்தாள் அக்கா வாசலுக்குக் கொண்டு வந்து கொடுத்தார். ஒன்றுமே பேசவில்லை. இத்தனை நாளில் அவர் பேசாமல் நின்றதை நான் பார்த்ததே இல்லை. போகத் திரும்பியவர் மறுபடி வந்து, "உன்னயப் போயித் தேத்தச் சொன்னேனே சாமி, என்ற வாயில மண்ணப் போட" என்றார்.

வாசலில் புது வாட்ச்மேன் இருந்தார். நாச்சிமுத்து அண்ணன் செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து வேலைக்கு வரவில்லை என்றார். வீடு எங்கே என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

தண்ணீர் வந்தது. ஒன்பது நாள் ஆகியிருந்தது. டிரம் நிறைந்தது. இப்போது காலையில் நேரம் இருக்கிறது.

மருந்து பாட்டிலைக் காலி பண்ணிக் கழுவி வைத்தேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் அடியில் ஷெட் போட்டு ஆறு மெஷின் ஓட்டுகிறார்கள். வெளியிலிருந்து துணி வாங்கித் தைத்துக் கொடுப்பது. கார்டு கேட்பதில்லை. ஓவர்லாக் ஓட்ட ஆள் வேண்டும் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். செல்லை மேஜையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று முதலில் அதைத்தான் கேட்டேன். வைத்துக்கொள்ளுங்கள், இதென்ன கேள்வி என்று அந்த வீட்டு அம்மா சிரித்தார். நாலு மணிக்கு மேல் பிள்ளை வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருக்குமா என்று கேட்டேன். வேஸ்ட் துணி மூட்டை மேல் உட்காரட்டும் என்றார்.

இசக்கியையும் கூட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். அங்கே கீழே கிடந்த துண்டுத் துணிகளைப் பார்த்துக்கொண்டு என் பின்னால் நின்றாள்.

அந்த அம்மா நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பேரு என்ன என்றார்.

நான் வாயைத் திறந்தேன். உடனே வரவில்லை. இரண்டு பெயரும் ஒரே நேரத்தில் நாக்குக்கு வந்த மாதிரி இருந்தது. அந்த அம்மா பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ஆவுடை. எங்கம்மா பேரு ஆவுடை" என்று பின்னாலிருந்து இசக்கி சொன்னாள்.

சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள்.